ஒரு புள்ளியில் பாதி வீடு

வேலைக்கு லீவு போட வேறு யாராலும் முடியவில்லை.
பள்ளி விடுமுறை வாரம், வேன் ஓடாது,
ஆகவே குடியிருப்பாளர் சங்கம் என்னை அனுப்பியது.
செயற்கைக்கோள் படம் படிக்க ஐந்து நாள் பயிற்சி.

மூன்றாம் மாடி. ஏர்கான் பதினெட்டில்.
கையெழுத்து, பெயரட்டை, நாசி லெமாக் பொட்டலம்.
ஒரு பக்கம் கோலா ஜூருவில் கெராங் சிப்பி வளர்க்கும் ஹம்டான்,
மறுபக்கம் ஓய் சியூ லிங்,
வங்கியில் ஓய்வு பெற்றவர்,
சொந்த மௌஸை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தவர்.

"முதலில் உங்கள் வீட்டைத் தேடுங்கள்" என்றாள் பயிற்றுநர் ஃபரீடா.
தேடினேன்.
பாலம் ஒரு நூல்.
பிறைத் தொழிற்பேட்டை வெள்ளைச் சொறி.
இன்னும் கிட்டே போனால்
படம் கட்டம் கட்டமாய் உடைந்துவிடுகிறது.
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு புள்ளி.
அதில் என் வீடு பாதி,
பக்கத்து வீட்டுக் கோமளத்தின் மாமரம் பாதி.
முப்பது வருட வீட்டுக்கடன்
பச்சையும் சாம்பலும் குழைந்த ஏதோ ஒரு நிறம்.

ஐந்து நாளுக்கொரு முறை வருமாம்,
பகல் பதினொன்றரை வாக்கில்.
ஆண்டுக்கு எழுபத்து மூன்று படம்.
எங்கள் வானத்தைச் சொல்ல வேண்டுமா,
மேகம் தின்றது போக மிஞ்சியது ஒன்பது.

கை தூக்கினேன்.
"வாய்க்கால் நாறுவது இரவு இரண்டு மணிக்கு.
திறந்துவிடுவது அப்போதுதான்.
பகலில் வந்து போகிற கண்ணுக்கு என்ன தெரியும்?"
அறை சிரித்தது.
ஃபரீடா சிரிக்காமல் எதையோ தட்டினாள்,
காடெல்லாம் சிவந்துபோனது.
நம் கண்ணுக்கு எட்டாத ஒளியொன்று உண்டாம்.
தெம்பான இலை அதை வாரி எறியும்,
நொந்த இலைக்கு அந்த வலு இருக்காது.
மஞ்சளாகும் முன்பே தெரிந்துவிடும்.

வாய்க்கால் ஓரத்து அலையாத்திகள் ரத்தச் சிவப்பு.
ஆறு புள்ளி மட்டும்
துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிச்சட்டைக் காலர்.
மார்ச்சில் இரண்டு,
ஜூலையில் நான்கு,
செப்டம்பரில் ஆறு,
தண்ணீர் வருகிற வழியே, வரிசை பிசகாமல்.
நான் எழுதிய ஏழு புகார்க் கடிதமும்
இவ்வளவு நேராக நின்றதில்லை.

நான்காம் நாள் மெய்தானா என்று பார்க்கப் போனோம்.
ஹம்டான் முன்னால். முழங்கால்வரை சேறு.
சியூ லிங் ஒரே காலணியை இரண்டு முறை தொலைத்தார்.
மூன்றாவது புள்ளி மரமே இல்லை,
பழுதான படகின்மேல்
யாரோ இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய்.
எனக்குக் காதுமடல் சுட்டது.
"ஐந்து என்று எழுது" என்றார் ஹம்டான்.
"ஆறென்று சொல்லி மாட்டிக்கொண்டால்
ஐந்தும் பொய்யாகிவிடும்."

மற்ற ஐந்திலும் இலைகள் பச்சையாகத்தான் இருந்தன.
தொட்டால் உதிர்ந்தன.

கடைசி நாள் அதிகாரி வந்தார்.
ஆளுக்கு ஐந்து நிமிடம், தேநீர் வந்துவிட்டதால் எனக்கு மூன்று.
"படம் அழகாக இருக்கிறது" என்றார்.
"தண்ணீர் மாதிரி எடுத்தீர்களா?"
சான்றிதழில் லோகேஸ்வரிக்கு ஓர் எழுத்து கூடுதல்.

நேற்று இரவு இரண்டு மணி.
வேன் விளக்கை அணைத்துவிட்டுக்
கயிறு கட்டிய வாளியை இறக்கினேன்.
குளிர்ந்த இரவில் தண்ணீர் வெதுவெதுப்பாக ஏறி வந்தது.
மேலே ஒரு வெளிச்சம் நகர்ந்தது.
பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானமாக இருக்கும்,
அது வருகிற நேரம் இது இல்லை,
தெரிந்தும் வாளியைப் பிடித்தபடி நின்றேன்.

ஆய்வுக்கூடம் திங்கட்கிழமைதான் திறக்கும்.
அதுவரை எங்கள் ஐஸ் பெட்டியில்,
தயிருக்குப் பக்கத்தில், மூன்று போத்தல்.
ஒட்டிய தாளில் தேதி, நேரம், வாய்க்கால் எண்.
அதற்குக் கீழே, சிவப்பு மையில்,
நடுராத்திரியில் தாகமெடுத்து
விளக்குப் போடாமல் வருகிற என் வீட்டுக்காரருக்காகக்
கொட்டை எழுத்தில்:
இது மோர் இல்லை.